கையடக்க ஸ்கேனரில் சேனல்களையும் டாக்குரூப்களையும் பதிவது: எந்த வரிசையில், எதற்காக

காவல், தீயணைப்பு போன்ற துறைகளின் வானொலிப் பேச்சைக் கேட்கும் கருவிதான் ஸ்கேனர். அதைப் புதிதாக வாங்கியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில். கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) டாக்குரூப் பட்டியல், அதாவது ஒவ்வொரு பேச்சுக் குழுவுக்கும் உள்ள எண்களின் பட்டியல் முழுவதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தட்டிப் பதிகிறார்கள். எல்லாம் முடிந்து ஸ்கேன் பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லை. தப்பு ஆன்டெனாவிலா, அலைவரிசையிலா, சைட்டிலா (கோபுரத்திலா), டாக்குரூப் எண்ணிலா என்று கண்டுபிடிக்க வழியில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டதால், எதையும் தனியாகச் சோதிக்க முடியாது.

அதனால் இந்த வழிகாட்டியின் விதி எளிது: ஒரு அடுக்கைப் பதியுங்கள், காதால் கேட்டு உறுதி செய்யுங்கள், பிறகுதான் அடுத்த அடுக்கு. இங்கே நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் பலரிடம் இருக்கும் யூனிடன் பிசிடி325பி2. வேறு மாடல்களில் மெனுப் பெயர்கள் மாறும், வரிசை மாறாது.

## 1. உங்கள் ஊரில் என்ன ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்

கருவி வாங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ரேடியோ ரெஃபரன்ஸ் தளத்தில் உங்கள் மாநிலம், பிறகு கவுன்ட்டி என்று போனால், அங்கே தீயணைப்பு, ஆம்புலன்ஸ், காவல், சாலைப் பணி என்று யார் எந்த அலைவரிசையில் பேசுகிறார்கள் என்பது தெரியும்.

அங்கே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அமைப்பின் வகை. சாதாரண அனலாக் சேனல்கள் மட்டும்தானா, அல்லது பல துறைகள் சில அலைவரிசைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் டிரங்க் அமைப்பா? டிரங்க் என்றால் பி25 (புராஜெக்ட் 25 என்ற டிஜிட்டல் தரம்) முதல் கட்டமா, இரண்டாம் கட்டமா? மின்னசோட்டாவின் ஆர்மர், ஓஹையோவின் மார்க்ஸ், நியூ ஜெர்சியின் மாநில அமைப்பு எல்லாமே பி25 டிரங்க் அமைப்புகள். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, விலை குறைவு என்று பிசி125ஏடி வாங்கினால் அது அனலாக் மட்டுமே கேட்கும், டிரங்க் எதுவும் வராது. பழைய சந்தையில் கிடைக்கும் பிசிடி396எக்ஸ்டி நல்ல கருவிதான், ஆனால் அதில் பி25 முதல் கட்டம் மட்டும்.

இரண்டாவது, மறையாக்கம், அதாவது வெளியாருக்குக் கேட்காதபடி பேச்சை மூடுவது. டாக்குரூப் பட்டியலில் பயன்முறைப் பத்தியைப் பாருங்கள். D என்றால் டிஜிட்டல், T என்றால் டிடிஎம்ஏ (ஒரே அலைவரிசையில் இரண்டு பேச்சு). அதன் பக்கத்தில் பெரிய E இருந்தால் முழு மறையாக்கம், சிறிய e என்றால் சில சமயம் மட்டும். முழு மறையாக்கம் உள்ளதை எந்த ஸ்கேனரும் திறக்காது. அதைத் திறந்து தருவதாகச் சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள், திறக்க முயல்வதும் சட்டவிரோதம். உங்களுக்குப் பிடித்தது காவல்துறைப் பேச்சு மட்டும்தான், அது உங்கள் ஊரில் முழுவதும் மூடப்பட்டிருக்கிறது என்றால், ஸ்கேனர் வாங்க வேண்டியதே இல்லை. இதை வாங்கிய பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் நிறைய.

மூன்றாவது, பட்டியலில் அமைப்பின் வகை என்ன பெயரில் இருக்கிறது என்பது. 'புராஜெக்ட் 25' என்று இருக்கும்போதே, காவலர் இடுப்பில் இருப்பது மோட்டோரோலா செட் என்பதால் ஸ்கேனரில் மோட்டோரோலா வகையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது பழைய டிரங்க் முறையின் பெயர். பி25 அமைப்புக்கு பி25 வகைதான், செட்டைச் செய்த நிறுவனம் எதுவாக இருந்தாலும்.

## 2. சட்டம், ஓரிரு வரிகளில்

அமெரிக்காவில் வீட்டில் உட்கார்ந்து மறையாக்கம் இல்லாத பொதுப் பாதுகாப்புப் பேச்சைக் கேட்பதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. வண்டியில் வைத்திருப்பதுதான் வேறு கதை. நியூயார்க், ஃபுளோரிடா, இண்டியானா, கென்டக்கி, மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு, ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் வைத்திருப்பவர்களுக்குப் பல இடங்களில் விலக்கும் உண்டு. உங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்துவிட்டு வண்டியில் எடுத்துப் போங்கள். கனடாவில் கேட்டதைப் பயன்படுத்துவதும் பிறருக்குச் சொல்வதும் தனிப் பிரச்சினை.

ஊருக்கு விடுமுறையில் வரும்போது இதைப் பெட்டியில் போடாதீர்கள். இந்தியாவில் வயர்லெஸ் கருவிகளுக்கு உரிம விதிகள் உண்டு, சுங்கத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள்.

## 3. கையருகே வைக்க வேண்டியவை

ஸ்கேனர், முழுக்க மின்னேற்றிய இரண்டு டபுள் ஏ பேட்டரிகள், மினி யூஎஸ்பி கேபிள், ஃப்ரீஸ்கேன் மாதிரி ஒரு மென்பொருள் போட்ட கணினி. கேபிள் விஷயத்தில் கவனம்: பழைய சார்ஜர்களோடு வந்த சில கேபிள்களில் மின்சாரக் கம்பி மட்டுமே இருக்கும், தரவுக் கம்பி இருக்காது. ஸ்கேனர் மின்னேறும், ஆனால் கணினிக்குத் தெரியாது. டிரைவரை மீண்டும் மீண்டும் நிறுவிப் பார்க்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மென்பொருள் இருந்தாலும் முதல் அமைப்பைக் கையால் பதியச் சொல்வேன். நினைவகம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது விரல் வழியாகத்தான் மனதில் பதியும். அப்புறம் மென்பொருளுக்குப் போங்கள்.

## 4. வானிலைச் சேனலில் தொடங்குங்கள்

அமெரிக்காவில் நோவா வானிலை ஒலிபரப்பு ஏழு அலைவரிசைகளில் நாள் முழுவதும் ஓடுகிறது: 162.400, 162.425, 162.450, 162.475, 162.500, 162.525, 162.550 மெகாஹெர்ட்ஸ். இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் வீட்டில் கேட்க வாய்ப்பு அதிகம். நிற்காமல் பேசிக்கொண்டே இருப்பதால், 'யாரும் பேசவில்லையோ' என்ற சந்தேகமே வராது. முதல் சோதனைக்கு இதைவிட நல்லது கிடையாது.

மெனுவில் 'புரோகிராம் சிஸ்டம்' போய், புதிய சிஸ்டம், வகை 'கன்வென்ஷனல்' என்று தேர்ந்தெடுங்கள். பெயர் கொடுங்கள். அதற்குள் ஒரு குரூப், குரூப்புக்குள் ஒரு சேனல். யூனிடனின் இந்தத் தலைமுறையில் சேனல் தனியாக நிற்காது: சிஸ்டத்துக்குள் குரூப், குரூப்புக்குள் சேனல். பழைய ஸ்கேனர்களின் பேங்க் முறைக்குப் பழகியவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்.

குரல் கேட்டதா? பேட்டரி, ஆன்டெனா, ஸ்பீக்கர், ஸ்குவெல்ச் (பேச்சு இல்லாதபோது இரைச்சலை அடக்கும் அமைப்பு) எல்லாம் சரி. கேட்கவில்லையென்றால் ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்து இரைச்சலாவது வருகிறதா பாருங்கள். இரைச்சலும் இல்லையென்றால் ஒலியளவு. இரைச்சல் வந்து குரல் வரவில்லையென்றால், மற்ற ஆறு அலைவரிசைகளையும் முயன்று, ஜன்னலோரம் போங்கள்.

## 5. சாதாரணச் சேனல்கள்

டிரங்க்குக்குப் போகும் முன் நாலைந்து சாதாரணச் சேனல்களைப் பதியுங்கள். ரயில், விமானம், படகு, ஹாம் ரிப்பீட்டர், ஏதாவது. இதில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

ரிப்பீட்டருக்கு இரண்டு அலைவரிசைகள் உண்டு: கையடக்க செட் அனுப்புவது ஒன்று, கோபுரம் திருப்பி ஒலிபரப்புவது இன்னொன்று. நீங்கள் பதிய வேண்டியது கோபுரம் ஒலிபரப்புவதை. யூஎச்எஃப்பில் இரண்டுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 45. நாடு முழுவதற்கும் பொதுவான 8கால்90 அழைப்புச் சேனலில் கோபுரம் 851.0125-இல் பேசும், செட்டுகள் 806.0125-இல். 806-ஐப் பதிந்தால், பக்கத்துத் தெருவில் நிற்கிறவர் பேசினால் மட்டுமே கேட்கும், அதுவும் பாதிப் பேச்சு.

அடுத்தது மாடுலேஷன், குரலை அலையில் ஏற்றும் முறை. விமான அலைவரிசைகள் ஏஎம். 2013 ஜனவரி 1 முதல் 150 முதல் 512 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தொழில், பொதுப் பாதுகாப்புச் சேனல்கள் பெரும்பாலும் 12.5 கிலோஹெர்ட்ஸ் குறுகிய அகலத்துக்கு மாறிவிட்டன, ஆகவே அவற்றுக்கு நாரோ எஃப்எம். வானிலைக்கும் பெரும்பாலான ஹாம் ரிப்பீட்டர்களுக்கும் சாதாரண எஃப்எம். தானாகத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு பல நேரம் சரியாக இருக்கும். நாரோ சேனலில் அகலமான எஃப்எம் வைத்தால் ஒலி மெலிந்து கேட்கும், அதை ஆன்டெனாக் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள்.

மூன்றாவது டோன், அதாவது பேச்சோடு சேர்ந்து வரும் தாழ்ந்த அடையாள ஒலி; அது பொருந்தினால் மட்டுமே ஸ்கேனர் சேனலைத் திறக்கும். பட்டியலில் 156.7 போல டோன் எண் போட்டிருந்தால் அதைப் பதியலாம், ஆனால் முதலில் டோன் இல்லாமல் கேளுங்கள். டோனை ஒரு இலக்கம் தப்பாகப் போட்டால் சேனல் முழு மௌனமாகிவிடும், காரணமும் தெரியாது. டோன் இல்லாமல் கேட்டு, அதே அலைவரிசையில் வேறு ஊர்க்காரர் குறுக்கிட்டால் மட்டும் டோனைச் சேருங்கள்.

## 6. டிரங்க் அமைப்பை மனதில் வரைந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாவிவிட்டுப் போனவர்கள்தான் பிறகு அதிகம் குழம்புகிறார்கள், அதனால் சற்று நிதானமாக.

டிரங்க் அமைப்பில் யாருக்கும் சொந்தமான அலைவரிசை கிடையாது. ஒரு கோபுரத்தில், அதாவது ஒரு சைட்டில், சில அலைவரிசைகள் இருக்கும். அவற்றில் ஒன்று கன்ட்ரோல் சேனல், அதில் குரல் இல்லை, தரவு மட்டும். தீயணைப்பு வீரர் பேசும் பொத்தானை அழுத்தியதும், அவருடைய டாக்குரூப்புக்கு இன்ன குரல் அலைவரிசை ஒதுக்கப்பட்டது என்று கன்ட்ரோல் சேனல் அறிவிக்கும். அந்த டாக்குரூப்பில் உள்ள எல்லா செட்டுகளும் அங்கே தாவும். ரயில் நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடை என்று ஒலிபெருக்கி சொல்வது போல. நீங்கள் ஒலிபெருக்கியைக் கேட்டாலே போதும், நடைமேடைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

இதிலிருந்து வரும் முடிவு: பி25 அமைப்பில் கன்ட்ரோல் சேனல்களை மட்டும் பதிந்தால் போதும். குரல் அலைவரிசைகளைச் சாதாரணச் சேனல்களாகப் பதிந்து கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பேச்சு வரும், ஆனால் முதல் வாக்கியம் தீயணைப்பு, அடுத்தது குப்பை வண்டி, அதற்கடுத்தது பள்ளிப் பேருந்து.

இன்னொன்று, இது மிக முக்கியம். ஒரு டாக்குரூப்பின் பேச்சு எல்லா சைட்டிலும் ஒலிபரப்பாகாது. அந்த டாக்குரூப்பைத் தேர்ந்தெடுத்த செட் ஏதாவது அந்த சைட்டில் பதிவாகியிருந்தால்தான் பொதுவாக அங்கே வரும். பக்கத்து நகரத்தின் தீயணைப்பு டாக்குரூப் உங்கள் சைட்டில் கேட்கவில்லை என்றால் அது உங்கள் தவறாக இருக்க வேண்டியதில்லை.

## 7. ஒரே ஒரு சைட்டைப் பதியுங்கள்

புதிய சிஸ்டம், வகை பி25. பிறகு புதிய சைட். மாநில அமைப்பில் நூற்றுக்கணக்கான சைட்டுகள் இருக்கலாம். உங்கள் கவுன்ட்டியின் பெயர் உள்ளதை எடுங்கள். தூரத்துச் சைட்டுகளையும் சேர்த்தால் ஸ்கேனர் ஒவ்வொன்றிலும் கன்ட்ரோல் சேனலைத் தேடி நேரத்தைக் கழிக்கும், அந்நேரம் உள்ளூர்ப் பேச்சு போய்விடும்.

பட்டியலில் முதன்மைக் கன்ட்ரோல் சேனல் சிவப்பிலும் மாற்றுகள் நீலத்திலும் இருக்கும். சிவப்பு, நீலம் எல்லாவற்றையும் பதியுங்கள். கன்ட்ரோல் சேனல் ஒரே அலைவரிசையில் நிரந்தரமாக இருப்பதில்லை, பராமரிப்புக்காகவோ கோளாறு காரணமாகவோ அடுத்ததற்கு மாறும். சிவப்பை மட்டும் போட்டவருக்கு நேற்று வேலை செய்த ஸ்கேனர் இன்று ஊமையாகிவிடும்.

700, 800 மெகாஹெர்ட்ஸ் பி25-இல் பேண்ட் பிளானை (சேனல் எண்களை அலைவரிசையாக மாற்றும் அட்டவணை) கையால் கொடுக்கத் தேவையில்லை, கன்ட்ரோல் சேனலே அதைச் சொல்லிவிடும். அந்த மெனுவைத் தொடாதீர்கள்.

சைட்டில் இரண்டு அமைப்புகளை மட்டும் மாற்றுங்கள். ஒன்று விரைவு விசை எண், ஒரே அழுத்தலில் ஆன், ஆஃப் செய்ய. டிரங்க் சிஸ்டத்தில் அது சைட்டுக்குத்தான் கொடுக்கப்படுகிறது, சிஸ்டத்துக்கு அல்ல. இரண்டு, ஹோல்டு நேரம்: மூன்று, நான்கு வினாடி வையுங்கள். அது பூஜ்யமாக இருந்தால் ஸ்கேனர் கன்ட்ரோல் சேனலை எட்டிப் பார்த்துவிட்டு உடனே அடுத்த சிஸ்டத்துக்கு ஓடிவிடும்.

## 8. டாக்குரூப் எதையும் பதியாமல் கேளுங்கள்

எல்லோரும் தாவிவிடும் படி இது. சிஸ்டத்தை 'ஐடி சர்ச்' நிலையில் வையுங்கள். அதில், பட்டியலில் இல்லாத டாக்குரூப்பாக இருந்தாலும் சைட்டில் நடக்கும் பேச்சு எல்லாவற்றையும் ஸ்கேனர் பிடிக்கும், திரையில் டாக்குரூப் எண்ணையும் காட்டும்.

காலை அல்லது மாலை வேளையில், பேருந்தும் சாலைப் பணியும் ஓடும் நேரத்தில், அரை மணி நேரம் கேளுங்கள். பேச்சு வந்தால் சைட், கன்ட்ரோல் சேனல், அமைப்பு வகை மூன்றும் சரி என்று ஒரேயடியாகத் தெரிந்துவிடும். வரவில்லையென்றால் தவறு இந்த மூன்றுக்குள் மட்டுமே. டாக்குரூப் எண்ணைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, இன்னும் ஒன்றைக்கூடப் பதியவில்லையே.

திரையில் வரும் எண்களைத் தாளில் எழுதி, பட்டியலோடு ஒப்பிடுங்கள். உங்கள் சைட்டில் உண்மையில் என்ன வருகிறது என்பது அந்தத் தாளில் இருக்கும். பட்டியலில் உள்ள பல உங்களுக்கு ஒருநாளும் வராது.

## 9. இப்போது டாக்குரூப்கள்

தாளில் உள்ளவற்றிலிருந்து பத்து, பதினைந்தை எடுத்துப் பதியுங்கள். தீயணைப்பு அழைப்பு, ஆம்புலன்ஸ் அழைப்பு முதலில். அங்கேதான் ஒவ்வொரு சம்பவமும் தொடங்குகிறது, முகவரியும் அங்கேதான் சொல்லப்படும்.

பட்டியலில் எண் இரண்டு வடிவத்தில் இருக்கும்: தசம எண், பதினாறடிமான (ஹெக்ஸ்) எண். ஸ்கேனரில் தசமத்தைப் போடுங்கள். பதினாறடிமானத்தில் 1எஃப்4 என்பது தசமத்தில் 500. எழுத்து இல்லாமல் வெறும் இலக்கங்களாக இருக்கும் பதினாறடிமான எண்தான் ஆளை ஏமாற்றும்: 500 என்று அந்தப் பத்தியில் பார்த்து அப்படியே போட்டால், அது தசமத்தில் 1280. நீங்கள் கேட்பது வேறு யாரையோ.

பெயரைக் குறுக்கி எழுதும்போது, வித்தியாசப்படும் சொல்லை முன்னால் வையுங்கள். கவுன்ட்டியின் பெயரை எல்லாவற்றுக்கும் முன்னால் போட்டால், சின்னத் திரையில் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும்.

பேச்சு நின்றதும் காத்திருக்கும் நேரமான டிலே இரண்டு வினாடி என்பதை மாற்றாதீர்கள். அது இல்லையென்றால் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ஸ்கேனர் வேறெங்கோ போயிருக்கும்.

முழு மறையாக்கம் உள்ளவற்றையும் பதிந்து, லாக்அவுட் (தாண்டிப் போகும்படி குறி) போடுங்கள். பதியாமல் விட்டால் ஐடி சர்ச்சில் மீண்டும் மீண்டும் வந்து நிறுத்தும்.

## 10. குரூப் பிரிப்பது

துறைவாரியாகப் பிரிக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். நான் வேறு விதமாகச் சொல்வேன்: எப்போது கேட்பீர்கள் என்பதை வைத்துப் பிரியுங்கள். எப்போதும் ஓடட்டும் என்பது ஒன்று (அழைப்புகள்), ஏதாவது பெரிதாக நடக்கும்போது திறப்பது இன்னொன்று (சம்பவ இடச் சேனல்கள்), சும்மா இருக்கும்போது கேட்பது மூன்றாவது (பேருந்து, சாலை, பூங்கா). ஒவ்வொன்றுக்கும் ஒரு குரூப் விரைவு விசை. தீ விபத்து அழைப்பு வந்தால் ஒரு விசையை அழுத்தினால் போதும், மெனுவுக்குள் தேட வேண்டாம்.

விரைவு விசை கொடுக்காத குரூப் எப்போதும் ஸ்கேன் ஆகும். 'அணைக்கவே முடியவில்லை' என்று பலர் புலம்புவது இதனால்தான்.

பதிந்து முடித்ததும் 'ஐடி சர்ச்'சிலிருந்து 'ஐடி ஸ்கேன்'க்கு மாற்றுங்கள். இதை மறந்தால் பட்டியலே போடாத மாதிரி எல்லாம் வந்துகொண்டிருக்கும்.

## 11. சிக்னல் முழுசாக இருந்தும் பேச்சு உடைந்தால்

பட்டைகள் முழுவதும் நிரம்பியிருக்கும், ஆனால் குரல் தண்ணீருக்குள் பேசுவது மாதிரி உடையும், அல்லது பாதியில் அறுந்துபோகும். புதியவர்கள் உடனே பெரிய ஆன்டெனா வாங்குவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும்.

காரணம் சைமல்காஸ்ட். ஒரே கவுன்ட்டியில் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் ஒலிபரப்புகின்றன. வெவ்வேறு தூரத்திலிருந்து வரும் சிக்னல்கள் மிகச் சிறிய கால வித்தியாசத்தில் மோதிக்கொள்கின்றன. துறையினரின் செட்டுகள் அதைச் சமாளிக்கும், சாதாரண ஸ்கேனர்கள் தடுமாறும். எனவே செய்ய வேண்டியது, சிக்னலைக் கூட்டுவது அல்ல, ஒரு கோபுரத்தை மட்டும் தெளிவாகப் பிடிப்பது.

ஸ்கேனரை அறைக்குள் ஒரு அடி, இரண்டு அடி நகர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் இதுவே போதும். ஒரு பக்கம் உங்கள் உடலை மறைப்பாக வைத்து நில்லுங்கள். உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரை ஆன் செய்யுங்கள். வெளி ஆன்டெனா வைப்பதாக இருந்தால் எல்லாத் திசையிலும் வாங்குவதைவிட, ஒரு கோபுரத்தை நோக்கிய யாகி நல்லது. எதுவும் பயன்படவில்லை, வீடு பல கோபுரங்களுக்கு நடுவில் என்றால், சைமல்காஸ்ட்டுக்காகவே வேறு விதமாக வடிவமைத்த எஸ்டிஎஸ்100 வாங்குவது பற்றி யோசிக்கலாம். அது 2018-இல் வந்தது, விலை அதிகம். முதலில் நகர்த்திப் பார்க்காமல் அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

## 12. கணினியில் சேமிப்பது

எல்லாம் ஓடிய பிறகு ஃப்ரீஸ்கேனைத் திறந்து, ஸ்கேனரிலிருந்து கணினிக்கு வாசியுங்கள். திசையில் கவனம். ஸ்கேனருக்கு எழுதும் கட்டளையை முதலில் அழுத்தினால், காலியான கோப்பு நீங்கள் பதிந்த எல்லாவற்றின் மேலும் போய் உட்காரும். ஆகவே எப்போதும் முதலில் வாசிப்பு, தேதி போட்ட பெயரில் சேமிப்பு, பிறகுதான் மாற்றமும் எழுதுதலும்.

இனி மீதி டாக்குரூப்களை மென்பொருள் வழியாகச் சேர்க்கலாம். தளத்திலிருந்து நேரடியாக இறக்குமதி செய்ய ரேடியோ ரெஃபரன்ஸின் கட்டணச் சந்தா வேண்டும். அதில் இறக்கினாலும் உங்கள் சைட்டையும் உங்களுக்கு வேண்டிய துறைகளையும் மட்டும் தேர்ந்தெடுங்கள். முழு மாநிலத்தையும் ஒரே கிளிக்கில் இறக்கினால், மீண்டும் பத்து சதவீதம்கூட வராத பட்டியலோடு முதல் நிலைக்கே போய்விடுவீர்கள்.

சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு மாலை மட்டும் ஐடி சர்ச்சுக்குத் திருப்பிக் கேளுங்கள். புதிய எண் ஏதாவது அடிக்கடி வந்தால் பட்டியலில் தேடிச் சேருங்கள். நன்றாக வந்துகொண்டிருந்த டாக்குரூப் ஒரு வாரமாக மௌனம் என்றால், அது மறையாக்கத்துக்குப் போய்விட்டதா என்று முதலில் பாருங்கள், பிறகு ஸ்கேனரைத் தொடுங்கள்.